நூற்றுப் பதினேழில் நின்ற எண்ணிக்கை

ஏப்ரல் பத்தாம் திகதி, பிற்பகல் மூன்று மணி ஐம்பது நிமிடம். எண்ணிக்கை நூற்றுப் பதினேழு. அதற்குக் கீழே அந்தக் குறிப்பேட்டில் எழுத்து இல்லை.

எனக்குச் செய்தி வந்தது நான்கு முப்பத்தைந்துக்கு. வவுனியாவில், நான் வேலை செய்கிற நில அளவை நிறுவனத்தின் குளிரூட்டிய அறையில் இருந்து ஒரு வீதியின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தவர் நாயாற்றுக் களப்பில் இறால் வாங்கி ஐஸ் பெட்டிகளில் ஏற்றுகிற நசீர் நானா. அவர் அழைத்தால் முதலில் ஒரு பகிடி வரும். அன்று வரவில்லை.

"தம்பி, எங்கை நிக்கிறீங்கள்?"

"கந்தோரிலை. என்ன நானா?"

"இருந்துகொண்டு கேளுங்கோ. மலர் அக்கா மோசம் போயிட்டா, உயிர் இல்லை. மின்னல். சேத்தாலை ஏறிக் கரைக்கு வந்திட்டா தம்பி. மழை ஒரு துளி இல்லை. முதல் இடியே அதுதான்."

நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதத்தான் வேண்டும். "எண்ணி முடிச்சிட்டாவோ?" என்று கேட்டேன். நசீர் நானா, "நீங்கள் மனிசனோ தம்பி?" என்று கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார்.

தவமலர் அக்காவைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகள் நிரோஜா கேட்டாள். இப்படியான மலர்களில் வருகிற வசனங்கள் எனக்குத் தெரியும். பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், இன்முகத்தின் இலக்கணம். அக்கா அப்படியொன்றும் இல்லை. பிடிவாதக்காரி. தன் சாப்பாட்டுப் பெட்டியை ஒருவருக்கும் நீட்டமாட்டார். தான் சரி என்றால், எதிரே நிற்பவர் தன் பிழையை வாயால் ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டார். நானும் பொறுமைசாலி இல்லை. இரண்டு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். சண்டை பிடிக்காத கிழமை ஒன்று இருந்ததாக நினைவில்லை. ஒரு பக்கம் கேட்ட இடத்தில் இத்தனை பக்கம் எழுதியதற்குக் காரணம், இதற்குள் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அச்சிடலாமா என்று நிரோஜாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "போடுங்கோ. ஒரு சொல்லும் வெட்டாதேங்கோ" என்றாள்.

முதலில் அந்தப் பிழை. நாயாற்றுக் களப்பின் மேற்குக் கரையை ஒட்டி ஒரு வெளி இருக்கிறது. மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும், பங்குனியில் வெறும் சேறாய்க் கிடக்கும். அதை அணை கட்டி மறித்து இறால் தொட்டிகள் வெட்ட ஒரு கம்பனி விண்ணப்பித்திருக்கிறது. விண்ணப்பத்தோடு போன கள அறிக்கையை எழுதியது எங்கள் நிறுவனம். அதன் ஐந்தாம் பக்கத்தில், "பறவைகள்: ஆய்வு நாளில் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் காணப்படவில்லை" என்று ஒரு வசனம் உண்டு. கீழே உள்ள கையொப்பம் என்னுடையது. ஆய்வு நாள் ஆடி மாதத்தில் வந்தது. ஆடியில் அந்தச் சேற்றுப் பறவைகளில் அநேகமானவை இந்த நாட்டிலேயே இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். அந்த விண்ணப்பம் பற்றிய கூட்டம் மே பதினான்காம் திகதி நடக்கிறது. என் வசனம் அப்படியே நின்றால் அந்த வெளி போய்விடும். அக்கா கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலை, அந்த வசனத்துக்கு எதிராக அந்தப் பறவைகளை எண்ணுவது.

அக்கா எங்கள் நிறுவனத்துக்கு வந்தது கண்ணிவெடி அகற்றும் வேலையிலிருந்து. ஒன்பது வருடம் கவச அங்கியும் முகக் கண்ணாடியுமாக முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டியவர். அந்த வேலை குறையக் குறைய ஆட்களை நிற்பாட்டினார்கள். இவர் எங்களிடம் அளவுத்தடி பிடிக்க வந்தார். நான் கருவிக்குப் பின்னால் நிற்பேன், அவர் நான் சொல்கிற இடத்தில் தடியை நட்டுப் பிடிக்க வேண்டும். முதல் நாள் புளியங்குளத்தில் ஒரு குறுக்கு வீதி. இரண்டு மீற்றர் இடப்பக்கம் போகச் சொல்லிக் கத்தினேன். அவர் வீதியை விட்டு இறங்கவில்லை.

"கேக்கேல்லையோ அக்கா?"

"கேக்குது. இந்தக் காணியிலை ஆர் நடந்தது?"

"எனக்கென்ன தெரியும்? மாடு நிக்குதே, பாருங்கோ."

"மாட்டிட்டைக் கேட்டுச் சொல்லும்."

தடியை என் மோட்டார் சைக்கிளில் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய், காணிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர் காட்டிய வழியால் நடந்து போய்த்தான் தடியை நட்டார். அரை மணித்தியாலம் போய்விட்டது. "இப்பிடி வேலை செய்தா வருசம் போகும்" என்றேன். "போகட்டும். கால் போகாது" என்றார்.

அவர்களுடைய பழைய வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காணி சுத்தமாகிவிட்டது என்று தாளில் கையொப்பம் போடுகிறவர், அதை உரியவரிடம் கொடுக்கிற அன்று எல்லோரும் பார்க்க அந்தக் காணியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்க வேண்டும். கவச அங்கி இல்லாமல். வீட்டில் போடுகிற செருப்போடு. அக்கா அப்படி எத்தனையோ காணிகளில் நடந்திருக்கிறார். எங்கள் கந்தோரில் தாளில் கையொப்பம் போட்டுவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போவது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

உங்களில் சிலர் அவரை "விசில் மலர்" என்று கூப்பிடுவீர்கள். அந்தப் பெயர் வந்த கதையை எனக்கு அவரே சொன்னார், மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்து. ஒரு சித்திரை மாதம், களப்பு விளிம்பில் ஒரு கண்ணிவெடிப் பகுதி. தான் சுத்தம் செய்த ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருக்கிறார். பதினைந்து முழம் முன்னால், இன்னும் கைவைக்காத சேற்றில், ஒரு சின்னப் பறவை. நெஞ்சில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. ஒரே காலில் நிற்கிறது. அந்த ஒரு காலால் தத்தித்தத்திப் போகிறது.

அக்கா ஆபத்து விசிலை ஊதிவிட்டார். அந்த விசில் ஊதினால் முழு இடமும் அசையாமல் நிற்க வேண்டும். நாற்பது பேர் நின்ற நிலையில் நிற்க, மருந்துப் பையோடு வைத்திய உதவியாளர் சுத்தமான பாதையால் ஓடி வந்தாராம்.

"ஆருக்கு? எங்கை?"

"அந்தா, முன்னாலை. நெஞ்சிலை பட்டிருக்கு. ஒரு கால் இல்லை."

அவர் பார்த்துவிட்டுச் சொன்னாராம், "அக்கா, அது குருவி."

"குருவிக்கு நோகாதோ?"

அந்த நேரம் பார்த்து அந்தப் பறவை வயிற்றுக்குள் மடக்கி வைத்திருந்த மற்றக் காலை இறக்கி, இரண்டு காலாலும் ஓடிப் போய்விட்டது. சேற்றுப் பறவைகள் ஓய்வுக்கு ஒரு காலில் நிற்கும். சோம்பல் பிடித்தால் அப்படியே தத்தும். நெஞ்சில் இருந்தது காயம் இல்லை. வடக்கே போய்க் கூடு கட்டுவதற்கு முன், குளிர்காலச் சாம்பல் இறகு உதிர்ந்து சிவப்பு இறகு திட்டுத்திட்டாக முளைக்கிற நேரம் அது. வேறு எந்த ஊர்க்காரர் பார்த்திருந்தாலும் "வடிவான குருவி" என்று சொல்லியிருப்பார். எங்கள் ஆட்கள் பார்த்தால் கால் போனதும் இரத்தமும்தான் தெரியும்.

மேற்பார்வையாளர் அன்றைய பதிவில் "தவறான எச்சரிக்கை: ஒரு பறவை" என்று எழுதினாராம். அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அண்டைக்குத்தான் தம்பி எனக்கு விளங்கினது, எல்லாச் சிவப்பும் ரத்தம் இல்லை எண்டு. எத்தினை வருசத்துக்குப் பிறகு விளங்குது பாரும்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவர் அந்தச் சிவப்பைத் தேடிப் போய் எண்ணினார். யாரும் கேட்டு அல்ல.

போன வருடம் பங்குனியில் நாயாற்றுப் பாலத்துக்குக் கிட்ட எங்களுக்கு ஒரு அளவை வேலை வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், "உந்தக் கருவிக் கண்ணாடியாலை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டார். அளவைக் கருவியின் தொலைநோக்கி முப்பது மடங்கு பெருப்பிக்கும். பார்த்தவர் இடத்தை விட்டு எழும்பவில்லை. எனக்கு எரிச்சல். பிறகு நானும் பார்த்தேன். ஒன்றைப் பார்த்தால் அதை வகைப்படுத்தாமல் விட என்னால் முடியாது. கைப்பேசியில் ஒரு பறவைப் புத்தகத்தை இறக்கி, ஒரு மணித்தியாலத்தில் ஏழு இனங்களைப் பட்டியல் போட்டேன். அக்காவின் பட்டியலில் நான்குதான் இருந்தன.

"எனக்குக் கண் நல்லாத் தெரியும் அக்கா. உங்களுக்குத்தான் மூண்டு தப்பிப்போச்சு."

அவர் என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டேய், சாம்பலா நிக்கிறதும், பாதி சிவந்து நிக்கிறதும், முழுக்கச் சிவந்து நிக்கிறதும் ஒரே ஆள்தான். வளைமூக்கு உள்ளான். நீர் ஒரே ஆளுக்கு மூண்டு அடையாள அட்டை அடிச்சுக் குடுத்திருக்கிறீர். உப்புக்கொத்திக்கு ரெண்டு. பதிவாளர் கந்தோர் நடத்துறீரோ?"

அன்று மாலை முழுவதும் என்னைப் "பதிவாளர் ஐயா" என்று கூப்பிட்டார். ஆனால் அவர் சொன்னது தொழில்நுட்பரீதியாகச் சரி. தை, மாசியில் தூரத்தில் நிற்கிற சின்னச் சேற்றுப் பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல். எது எது என்று சத்தியம் பண்ண முடியாது. பங்குனிக் கடைசியிலும் சித்திரை முதலிலும் ஒவ்வொன்றும் தன் நிறத்தைக் காட்டும். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாகும். உப்புக்கொத்தியில் ஒரு வகைக்கு நெஞ்சில் செம்பட்டை விழும். இன்னொரு வகைக்கு வயிறு முழுக்கக் கறுக்கும். அந்த இரண்டு மூன்று கிழமைக்குள் எண்ணினால் ஒருவரும் மறுக்க முடியாத கணக்கு வரும். "மாசியிலை ஆரும் என்னவும் சொல்லலாம். சித்திரையிலை அதுகளே சொல்லும்" என்பார் அக்கா.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிறம் தெரிய வேண்டுமென்றால் வெயில் எங்கள் முதுகில் இருக்க வேண்டும். மேற்குக் கரையில் நின்று கிழக்கே சேற்றைப் பார்ப்பதால், அது பின்னேரம்தான். சித்திரைப் பின்னேரங்களில் இடிமேகம் ஏறுவதும் எங்கள் முதுகுப் பக்கம், ஒட்டுசுட்டான் திசையில்தான். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு வானம் தெரியாது.

இந்த வருடம் தை மாதம் அக்கா பிரதேச செயலகத்துக்கு ஏதோ அலுவலாகப் போனபோது, அறிவித்தல் பலகையில் அந்த விண்ணப்பம் ஒட்டியிருந்தது. அறிக்கையை வாங்கி ஐந்தாம் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு நேரே கந்தோருக்கு வந்தார். நாங்கள் ஆடியில் அந்த அறிக்கை வேலை செய்த கிழமை அவர் மல்லாவியில் வேறொரு வேலையில் நின்றவர். அதுவரை அவருக்குத் தெரியாது. கைப்பேசியை என் மேசையில் வைத்தார்.

"இது உம்மட கையெழுத்தோ?"

"ஓம்."

"ஆடி மாசம் போனனீரோ?"

"அனுப்பின நாளிலை போனனான். படிவத்திலை 'ஆய்வு நாளில் காணப்பட்டவை' எண்டுதான் கேட்டிருக்கு. ஆய்வு நாளிலை ஒண்டும் இல்லை. நான் பொய் எழுதேல்லை அக்கா."

"பொய் இல்லைத்தான். பொய்யெண்டா ஆரும் பிடிச்சுப்போடலாம்." பிறகு அவர் கேட்டது அவருடைய வழக்கமான கேள்வி. "நடந்தனீரோ?"

"ட்ரோன் பறந்தது."

"நீ நடந்தனியோ எண்டு கேட்டனான்."

இரண்டு வருடத்தில் அவர் என்னை நீ என்றது அதுதான் முதல் தடவை. நான் நடக்கவில்லை. வாகனத்தின் பின்கதவைத் திறந்து, நிழலில் இருந்து ட்ரோனைப் பறக்கவிட்டு, நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தவன். பங்குனியில் அங்கே என்ன நிற்கும் என்று கண்ணாலே கண்டிருந்தும் அந்த வசனத்தை எழுதினேன். ஏனென்றால் படிவம் அதைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதினால் அறிக்கை பிந்தும்.

ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பங்குனிக்கும் சித்திரைக்கும் இடையில் மூன்று நாள் சேர்ந்து எண்ணுவது. அந்த எண்ணிக்கையை இணைத்து, என் வசனத்தை மீளப் பெறுவதாக நானே கூட்டத்துக்கு முன் எழுதிக் கொடுப்பது. "மூண்டு நாள். மூண்டுக்கு ஒண்டு குறைஞ்சாலும் எழுந்தமானம் எண்டு தள்ளிப்போடுவாங்கள்" என்றார்.

முதலாம் எண்ணிக்கை மார்ச் இருபத்து மூன்றாம் திகதி. அக்கா தன் பழைய தொழில் முறைப்படியே எண்ணினார். சேற்றில் வெள்ளைக் குச்சிகளை நட்டு வெளியைச் சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரம் முடியாமல் அடுத்ததைப் பார்க்கமாட்டார். அவர் இரும்பு முக்காலியில் பூட்டிய தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல நான் எழுதினேன். மூன்று நிரல்கள். சிவந்தது, பாதி, போகாதது. போகாதது என்றால் இன்னும் முழுச் சாம்பலாகவே நிற்பவை. வயது வராதவை, அல்லது கொழுப்பு ஏறாதவை. அவை அந்த வருடம் வடக்கே போகாது. அன்று மொத்தம் அறுநூற்று நான்கு. மூன்றாம் நிரலில் முப்பத்தெட்டு.

கடைசிச் சதுரம் மிச்சம் இருக்கையில் தூரத்தில் ஒரு உறுமல். அக்கா அந்தக் கணமே தொலைநோக்கியைவிட்டு எழும்பினார்.

"ஒரு சதுரம்தானே, பத்து நிமிசம்" என்றேன்.

"இரும்புக் காலை விட்டிட்டு வாரும். இடி கேட்டா வேலை நிப்பாட்டு. அதிலை பேச்சில்லை."

முக்காலியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வந்தோம். நசீர் நானாவின் ஐஸ் லொறிக்குள் ஏறி இருந்தோம். இடி வரவில்லை. மேகம் வேறு பக்கம் போய்விட்டது. நான் புறுபுறுத்தேன். நசீர் நானா, "தம்பிக்கு இடி விழாததிலை கவலை" என்றார். அரை மணித்தியாலம் கழித்து இறங்கிப் போய் அந்தச் சதுரத்தையும் எண்ணினோம்.

இரண்டாவது எண்ணிக்கை ஏப்ரல் மூன்றாம் திகதி. நானூற்று முப்பத்தொன்று. சிவந்தவை புறப்படத் தொடங்கிவிட்டன, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மூன்றாம் நிரல். எழுபத்தொன்று. பறவைகள் புறப்படுகிற காலத்தில் போகாதவை அப்படியே நிற்கும், கூடக்கூடாது. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அக்கா அந்தச் சாம்பல் கூட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவை சத்தம் போடாமல், தலையைச் செட்டைக்குள் செருகி, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"இதுகள் இஞ்சத்தையான் ஆக்கள் இல்லை. வேறை எங்கையோ சேறு இல்லாமப் போச்சுப் போலை. இஞ்சை வந்து ஒதுங்குதுகள்" என்றார்.

"எங்கை?"

"எனக்கெப்பிடித் தெரியும்? ஆரும் கையெழுத்து வைச்சிருப்பாங்கள்."

திரும்பி வரும் வழியில் வீதியோரப் பாலை மரத்தடியில் ஒரு மஞ்சள் மண்வெட்டி இயந்திரம் இறக்கி வைத்திருந்தார்கள். நீலப் படங்கு போட்டு மூடியிருந்தது. அனுமதி இன்னும் வரவில்லை, இயந்திரம் வந்துவிட்டது.

அடுத்த நாள் மனேச்சர் என்னைக் கூப்பிட்டார். யார் சொல்லித் தெரிந்ததோ தெரியாது. கதவைச் சாத்தவில்லை, சத்தமும் போடவில்லை. "தம்பி, உம்மட கையெழுத்தை நீரே வெட்டினா, இனி உம்மட கையெழுத்தை ஆர் எடுப்பினம்? யோசியும். அவசரமில்லை" என்றார். நான் யோசித்தேன். ஐந்து நாள் யோசித்தேன். ஒன்பதாம் திகதி மாலை அக்கா அழைத்தார்.

"நாளைக்கு மூண்டாவது. ஒண்டரைக்கு அங்கை நிக்கவேணும்."

"நாளைக்கு ஏலாது அக்கா. வரைபடம் ஒண்டு முடிக்கவேணும். வருசம் முடியப் போவம், பதினாறு பதினேழிலை."

"அதுகள் புதுவருசத்துக்குக் காத்துக்கொண்டு நிக்காதுகள்."

"ஒரு கிழமையிலை என்ன வந்திடப்போகுது?"

அவர் சொன்னார். "உமக்குப் பயம் பிடிச்சிருக்கு. பயப்பிடுறது பிழையில்லை. வரைபடம் எண்டு சொல்லாதேயும், அதுதான் பிழை. சரி, நான் போறன்."

வரைபடம் அவசரமில்லை. அதற்கு மே வரை தவணை இருந்தது.

நான் செய்து பார்த்த கணக்கு இது. ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதினால், ஒன்றரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முழு வெளியும் முடியும். முதல் தடவை லொறிக்குள் இருந்த நேரத்தைக் கழித்தால், இரண்டு தடவையும் அப்படித்தான் முடிந்தது. ஒருவரே பார்த்து, கண்ணை எடுத்து, எழுதி, மறுபடி அந்த இடத்தைத் தேடிப் பார்த்தால் மூன்று மடங்கு நேரம். மூன்று ஐம்பதுக்கு அக்கா பாதி வெளியில் நின்றார். அப்போது மேகத்தைக் கண்டிருக்க வேண்டும். இடி கேட்க முந்தியே எண்ணுவதை நிறுத்தி, முக்காலியை விட்டுவிட்டு, குறிப்பேட்டைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு கரையேறியிருக்கிறார். விதிப்படி ஒரு பிழையும் விடவில்லை. நான் போயிருந்தால் அந்த நேரம் நாங்கள் இருவரும் லொறிக்குப் பக்கத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றிருப்போம். விதி, நேரம், எழுத்து என்று மரண வீட்டில் பலர் சொன்னார்கள். எனக்கு அந்தக் கணக்கில் வேறு விடை வருகிறது.

மரண வீட்டில் நிரோஜா என்னிடம் வந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. அழுது முடித்திருந்தாள். "நீங்கள்தானே அந்தப் பேப்பரிலை கையெழுத்து வைச்சது?" என்று கேட்டாள். ஓம் என்றேன். உள்ளே போய்ப் பொலித்தீன் பையோடு குறிப்பேட்டைக் கொண்டுவந்து தந்தாள். "எனக்கு உதிலை ஒண்டும் விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கும்" என்றாள். கடைசிப் பக்கம்: சிவந்தது முப்பத்தொன்று. பாதி ஒன்றும் இல்லை. போகாதது எண்பத்தாறு. பாதி வெளியிலேயே எண்பத்தாறு.

பதின்மூன்றாம் திகதி நாயாற்றுக்குப் போனேன். நசீர் நானா லொறியை விட்டிறங்கி என்னோடு வந்தார். "அண்டைக்கு ஏன் தம்பி அப்பிடிக் கேட்டனீங்கள்?" என்றார். "அவாவைத்தான் கேட்டனான் நானா. அவா இருந்திருந்தா முதல் அதைத்தான் சொல்லியிருப்பா" என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றில் இறங்கி, முதல் தடவையாக வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலைக்கு நடந்தேன். கணுக்காலுக்கு மேலே புதைந்தது. சிவந்தவை ஒன்றும் இல்லை. போய்விட்டன. சாம்பல் நிறத்தவை மட்டும் நின்றன. நான் கிட்டப் போயும் எழும்பவில்லை. ஒதுங்கி ஒதுங்கி நடந்தன. அணை வரப்போகிற கோட்டில் யாரோ புதிதாகச் சிவப்பு நாடா கட்டிய கட்டைகளை அடித்திருந்தார்கள். அந்தக் கோட்டை வரைந்ததும் எங்கள் கந்தோர்தான்.

அக்காவின் புகைப்படம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவர் எனக்கு ஒன்றும் தரவில்லை, நானும் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது, ஒரு தாளைக் கையில் எடுத்தால் "இது என்னைக் கேட்காதது என்ன?" என்று பார்க்கிற புத்தி. அது எனக்கு முன்பு இல்லை. பட்டப் படிப்பிலும் டிப்ளோமாவிலும் அதைத் தரவில்லை. அது இருப்பதால் இப்போது வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

நான் இனிச் செய்யப்போவது:

1. மே பன்னிரண்டாம் திகதி, ஐந்தாம் பக்கத்து வசனத்தை மீளப் பெறுவதாக எழுத்தில் கொடுப்பேன். மூன்று நாள் எண்ணிக்கையையும் இணைப்பேன். மூன்றாவது முடியவில்லை என்றும் ஏன் முடியவில்லை என்றும் எழுதுவேன். பாதி வெளியின் கணக்கை இரண்டால் பெருக்கி முழுதாக்கமாட்டேன்.

2. அதன் பிரதியை அன்றே மனேச்சரின் மேசையில் வைப்பேன். வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான். எழுதமாட்டேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

3. குறிப்பேட்டின் எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்துவிட்டு, மூலத்தை நிரோஜாவிடம் கொடுப்பேன். எந்த நிரல் என்ன என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பேன்.

4. வைகாசி முடிவதற்குள் போகாதவற்றை எண்ணுவேன். நசீர் நானா எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். இனி நிறம் பார்க்கத் தேவையில்லை, ஆகவே காலையில் போவோம்.

5. மே பதினான்கு, புதன்கிழமை, காலை ஒன்பதரைக்குக் கூட்டம். எழும்பி, என் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம் என்று சொல்வேன். இரண்டு வசனம்தான், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், இரண்டாவதை இன்னும் முடித்ததில்லை. அது எல்லோரும் வரக்கூடிய கூட்டம். அக்காவைத் தெரிந்தவர்கள் வந்து பின்கதிரைகளில் இருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். நான் எழும்பாவிட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.